பேச்சின் தாளமும் நிறுத்தமும்: முத்துக்குளித்துறையிலிருந்து பேச்சுப் பயிற்சிக் கூடம் வரை

பேச்சின் தாளம் என்பது ஒருவர் பேசும்போது அசைகள் நீண்டும் குறுகியும் ஒலிப்பது, குரல் ஏறி இறங்குவது, சொற்கள் கூட்டமாகச் சேர்வது, கூட்டங்களுக்கு இடையே மூச்சு நிற்பது ஆகியவை சேர்ந்த ஒழுங்காகும். எழுத்தில் காணப்படாத இந்த ஒழுங்கே, கேட்பவர் ஒரு சொல் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது, எந்தச் சொல் எதனோடு சேர்ந்தது என்று அறியத் துணை செய்கிறது. பக்கவாதத்தால் மொழியை இழந்தோர், காது கேளாமல் பிறந்த குழந்தைகள், பேச்சு தாமதப்படும் பிள்ளைகள் ஆகியோருக்கான பேச்சுப் பயிற்சியில் தாளமும் நிறுத்தமும் இன்று முக்கியக் கருவிகள். சொல் சரியாக இருந்தும் பேச்சு புரியாமல் போகலாம் என்ற உண்மை அதற்கு வெகு காலம் முன்பே தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் உணரப்பட்டது. அதற்கான சான்று, 1548-ஆம் ஆண்டு வேம்பாரில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் உள்ளது.

வேம்பாரும் ஏழு கடல்துறையும்

வேம்பார் தூத்துக்குடி மாவட்டத்தின் வட எல்லையில், விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள கடற்கரை ஊர். இதற்கு வடக்கே இராமநாதபுரம் மாவட்டம் தொடங்குகிறது. மீன்பிடித் தொழிலும் பனைத் தொழிலும் இவ்வூரின் பழைய தொழில்கள். வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழும் பரதவர்களின் ஏழு கடல்துறை எனப்பட்டன. அவற்றுள் வடகோடியில் இருப்பது வேம்பார்.

மன்னார் வளைகுடாவின் முத்து வளத்தால் இக்கரை பல நாட்டு வணிகரை ஈர்த்தது. 16-ஆம் நூற்றாண்டின் முப்பதுகளில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிப் பெருந்திரளாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். ஆனால் அவர்களுக்குச் சமயம் கற்பிக்க வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், பேசுபவரின் மொழி ஒன்றாகவும் கேட்பவரின் மொழி மற்றொன்றாகவும் இருந்தன. இந்த இடைவெளியைக் கடக்க இரண்டு பேர் எடுத்த இரண்டு வழிகள், மொழி எவ்வாறு புரிகிறது என்பதைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

சவேரியார்: நிறுத்தி நிறுத்திச் சொன்னவர்

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இரு மொழியும் ஓரளவு அறிந்த உள்ளூர் மக்களின் துணையால் முக்கியமான செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தாம் கற்பித்த முறையை அவர் விவரித்துள்ளார். கையில் மணியுடன் ஊரைச் சுற்றிச் சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மக்கள் அனைவரையும் ஓரிடத்தில் சேர்த்தார். தாம் உரத்த குரலில் சொல்ல, மக்கள் திருப்பிச் சொன்னார்கள். விசுவாசப் பிரமாணத்தின் பன்னிரண்டு பகுதிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் நிறுத்தி, இதை நம்புகிறீர்களா என்று கேட்டு, மக்கள் பதில் சொன்ன பிறகே அடுத்த பகுதிக்குச் சென்றார்.

ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் வழக்கம் இக்கரைக்குப் புதியதன்று. வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். பாட்டின் தாளமும் கையின் இழுப்பும் ஒன்றாகவே நடக்கும். திண்ணைப் பள்ளியிலும் சட்டாம்பிள்ளை முன்னே சொல்லப் பிள்ளைகள் பின்னே சொன்னார்கள். பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்வதால் கேட்பவரின் நினைவுக்குச் சுமை குறைகிறது. நிறுத்தத்தின்போது கேட்டதை மனத்தில் இருத்தவும் திருப்பிச் சொல்லவும் நேரம் கிடைக்கிறது.

இம்முறைக்கு ஒரு குறையும் இருந்தது. சொல்பவருக்கே சொற்களின் பொருள் முழுமையாகத் தெரியவில்லை. 1544-இல் தம் உடன் ஊழியர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், விசுவாசப் பிரமாணத் தமிழாக்கத்தில் இருந்த பிழையைச் சவேரியார் திருத்துகிறார். நம்புகிறேன் என்ற பொருளில் அதுவரை ‘வேணும்’ என்ற சொல் வழங்கி வந்தது. ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்றே பொருள்படும் என்பதை அறிந்து, விசுவாசம் என்ற சொல்லைப் பயன்படுத்துமாறு அவர் எழுதினார். தாளமும் நிறுத்தமும் சரியாக இருந்ததால் மக்கள் தவறாமல் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் திருப்பிச் சொல்வதும் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதற்கு இச்செய்தி சான்றாகிறது.

அண்டிரிக் அடிகளார்: வேம்பார் கடிதம்

சவேரியாருக்குப் பின் இக்கரைக்கு வந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார் எனப்படுகிறார். 1520-இல் போர்ச்சுக்கல்லின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்த இவர், 1546-இல் இந்தியா வந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’, 1579-இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகிய நூல்களால் தமிழ் அச்சு வரலாற்றில் முதன்மை இடம் பெற்றவர். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணமும் இவருடையதே. அதன் கையெழுத்துப்படி லிஸ்பனில் உள்ள போர்ச்சுக்கல் தேசிய நூலகத்தில் காக்கப்பட்டு, 1982-இல் அச்சேறியது. 16-ஆம் நூற்றாண்டின் கடற்கரைப் பேச்சுத் தமிழை அந்நூல் பதிவு செய்துள்ளது.

1548 அக்டோபர் 31 அன்று வேம்பாரிலிருந்து இவர் உரோமில் இருந்த இக்னேசியஸ் லொயோலாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இலத்தீனுக்கு இருப்பதுபோல் தமிழுக்கும் ஓர் இலக்கணத்தை வகுத்துக்கொண்டு, வேற்றுமையையும் வினைத்திரிபையும் முறையாகக் கற்றதை அதில் கூறுகிறார். மக்களோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத அளவுக்குச் சில மாதங்களிலேயே அவர் முன்னேறியிருந்தார்.

அதே கடிதத்தில் அவர் ஒரு சிக்கலையும் குறிப்பிடுகிறார். தமிழின் உச்சரிப்பு போர்ச்சுக்கீசியரின் உச்சரிப்பிலிருந்து மிகவும் வேறுபட்டது. எனவே கோயிலில் கூடிய மக்களுக்கு அவர் தமிழில் சொல்வார். அதன்பின் உள்ளூர்த் துபாசி ஒருவர் அதையே மறுபடியும் தமிழில் சொல்வார். மக்கள் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதே துபாசியின் வேலை. வேம்பாரில் அவர் தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றினார். சொல்லும் இலக்கணமும் அப்படியே இருக்க, ஒலிக்கும் முறை மட்டுமே மாறியது.

உச்சரிப்பு என்பது எழுத்தொலி மட்டுமன்று. தமிழில் குறிலுக்கும் நெட்டிலுக்கும் உள்ள கால அளவு வேறுபாடு பொருளையே மாற்றும். கல், கால், எரி, ஏரி, குடம், கூடம் என்பவை எளிய எடுத்துக்காட்டுகள். ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. படம் வேறு, பட்டம் வேறு. போர்ச்சுக்கீசிய மொழியில் உயிரின் நீளமோ மெய்யின் இரட்டிப்போ இவ்வாறு சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. அம்மொழியில் ஒரு சொல்லின் ஏதேனும் ஓர் அசை மட்டும் அழுத்தம் பெறும். அந்தப் பழக்கத்தோடு தமிழ் பேசுபவரிடம் அசைகளின் அளவு குலையும். அளவு குலைந்தால் கேட்பவருக்குச் சொல்லின் எல்லை பிடிபடாது. அண்டிரிக் அடிகளாரின் சொற்கள் மக்களுக்கு எட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கொள்ளலாம்.

எழுத்து ஒன்று, பொருள் இரண்டு

ஒலியின் அளவும் ஓசையும் பொருளைத் தீர்மானிக்கும் என்ற கருத்து தமிழ் இலக்கண மரபில் மிகப் பழையது. தொல்காப்பியம் கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் கொண்டு மாத்திரையை வரையறுக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. எழுத்துகள் சேர்ந்து நேர், நிரை என்னும் அசைகளாகும். அசை சீராகும், சீர் அடியாகும். தமிழ் யாப்பு முழுவதும் இந்தக் கால அளவின் மேல் நிற்கிறது.

இதனினும் நுட்பமான செய்தி எழுத்ததிகாரத்தின் புணரியலில் உள்ளது. எழுத்துகள் ஒரே வகையாக நின்று, பொருள் மட்டும் வேறுபடும் தொடர்கள் உண்டு என்றும், அவற்றை ஒலிக்கும் இசையே வேறுபடுத்திக் காட்டும் என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. உரையாசிரியர்கள் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு ‘செம்பொன்பதின்றொடி’. தொடி என்பது ஒரு நிறுத்தல் அளவு. ‘செம்பொன்’ என்று நிறுத்திப் ‘பதின்றொடி’ என்றால் பத்துத் தொடி பொன். ‘செம்பு’ என்று பிரித்து ‘ஒன்பதின்றொடி’ என்றால் ஒன்பது தொடி செம்பு. கடையில் பொருள் வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றாகாது. ‘குன்றேறாமா’ என்பது மற்றோர் எடுத்துக்காட்டு. குன்றில் ஏறாத மா என்றும், குன்றில் ஏறுகின்ற ஆமா, அதாவது காட்டுப் பசு, என்றும் இது பொருள் தரும்.

இன்றைய மொழியியல் நிறுத்தத்தைச் சொல் எல்லையின் அடையாளமாகக் கருதுகிறது. இந்த இலக்கண மரபும் அதையே தன் வழியில் சொல்லியிருக்கிறது. எழுத்து தராத செய்தியை ஓசை தருகிறது.

ஓலையில் இல்லாத இடைவெளி

ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் சொற்களுக்கு இடையே இடம் விடவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வரிவடிவில் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ஆகவே சுவடியைக் கண்ணால் மட்டும் படிப்பது கடினம். வாய்விட்டுப் படித்து, ஓசையைக் கொண்டு சொல்லைப் பிரிக்க வேண்டும். ஆசிரியர் பாடம் சொல்லும்போது எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கேட்டே மாணவர் பொருளைப் பிடித்தனர்.

18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் காட்டும் சீர்திருத்தத்தைச் செய்தார். அச்சு பரவியபின் சொல்லுக்குச் சொல் இடம் விடுவது வழக்கமாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய நிறுத்தக் குறிகளைத் தம் உரைநடை நூல்களிலும் பதிப்புகளிலும் பயன்படுத்தி அவற்றைத் தமிழில் நிலைபெறச் செய்தார். ஆசிரியரின் மூச்சில் இருந்த நிறுத்தம் இவ்வாறு தாளில் குறியாக இடம்பெற்றது. ஆனால் பேச்சில் இன்றும் இடைவெளியோ குறியோ இல்லை. இயல்பாகப் பேசும்போது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டியே வருகின்றன. தெரியாத மொழியைக் கேட்பவருக்கு அது இடைவிடாத ஓட்டமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

கேட்கும் மூளையும் தாளமும்

இருபதாம் நூற்றாண்டில் மருத்துவரும் உளவியலாரும் பேச்சின் தாளத்தை ஆராயத் தொடங்கினர். 1947-இல் நார்வே நரம்பியல் மருத்துவர் மோன்ராட்-குரோன் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். 1941-இல் நடந்த விமானக் குண்டுவீச்சில் அப்பெண்ணின் தலையில் காயம் பட்டது. பேச்சு திரும்பியபோது சொற்கள் வந்தன. ஆனால் பேச்சின் இசை மாறிவிட்டது. ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் இருந்த நாட்டில் அவர் பேச்சு ஜெர்மானியர் பேச்சுப்போல் ஒலித்ததால், கடைக்காரர்கள் அவருக்குப் பொருள் தர மறுத்தனர். தாய்மொழியையே அந்நிய மொழிபோல் ஒலிக்கச் செய்யும் இந்தக் கோளாறு, தாளமும் இசையும் மொழியின் தனிக்கூறு என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியது.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் மற்றொரு பக்கத்தைக் காட்டின. கருவில் இருக்கும்போதே குழந்தையின் செவிக்குத் தாயின் குரல் எட்டுகிறது. எழுத்தொலிகள் மங்கினாலும் ஏற்ற இறக்கமும் தாளமும் எட்டுகின்றன. பிறந்து சில நாள்களே ஆன குழந்தை, தாளத்தால் வேறுபட்ட இரு மொழிகளைப் பிரித்தறிவதைப் பிரான்சில் நடந்த ஆய்வுகள் 1980களிலும் 1990களிலும் கண்டறிந்தன. 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஏழு முதல் பத்து மாதக் குழந்தைகளுக்குப் பேச்சைக் கேட்கச் செய்தனர். தொடர் முடியும் இடத்தில் நிறுத்தம் உள்ள பேச்சைக் குழந்தைகள் அதிக நேரம் கேட்டன. தொடரின் நடுவே நிறுத்தம் உள்ள பேச்சில் அவற்றின் கவனம் குறைந்தது. சொல்லின் பொருள் தெரிவதற்கு முன்பே நிறுத்தத்தின் இடம் குழந்தைக்குத் தெரிந்திருந்தது.

பேச்சுப் பயிற்சியில் தாளமும் நிறுத்தமும்

பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர் சிலர், ஒரு சொல்லும் பேச இயலாத நிலையிலும் தெரிந்த பாட்டைப் பாடுவது உண்டு. இதை அடிப்படையாகக் கொண்டு 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகியோர் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டனர. அதில் அன்றாடத் தொடர்கள் மெல்லிய இசையோடு சொல்லப்படும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கை தட்டப்படும். முதலில் பயிற்சியாளரும் நோயாளியும் சேர்ந்து சொல்வர். பின்னர் நோயாளி தனியே திருப்பிச் சொல்வார். சிறிது சிறிதாக இசை குறைந்து இயல்பான பேச்சாகும். இது முதன்மையாகப் பேசும் திறனை மீட்கும் முறை.

புரிந்துகொள்ளும் திறன் குறைந்தவர்களுக்கு நிறுத்தம் உதவுகிறது. பேச்சு சரளமாக இருந்தும் பிறர் சொல்வது விளங்காத நோயாளிகளிடம் 1985-இல் ஷீலா புளூம்ஸ்டைனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தனர். பேச்சைப் பல வகையில் மெதுவாக்கிக் கேட்கச் செய்தனர். உயிரொலியை நீட்டுவது, சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவது, தொடரின் இயல்பான எல்லையில் இடைவெளி விடுவது ஆகியவற்றை ஒப்பிட்டனர். அவற்றுள் தொடரெல்லையில் விட்ட இடைவெளியே பயன் தந்தது. ஆக, வெறுமனே மெதுவாகப் பேசுவது போதாது. எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது.

மொழி வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளிடமும் தாளத்தின் பயன் ஆராயப்பட்டுள்ளது. பிரான்சில் 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒழுங்கற்ற தாளமுள்ள இசையைக் கேட்டபின் கண்டதைவிட, ஒழுங்கான தாளமுள்ள இசையைக் கேட்டபின் அப்பிள்ளைகள் தொடர்களில் உள்ள இலக்கணப் பிழையை நன்றாகக் கண்டுபிடித்தனர். ஒழுங்கான தாளம், அடுத்து வரும் அசையைச் சரியான நேரத்தில் எதிர்பார்க்கக் காதைப் பழக்குகிறது என்பது இதற்கு ஆய்வாளர் தரும் விளக்கம்.

காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அக்கருவி குரலின் ஏற்ற இறக்கத்தை முழுமையாகத் தருவதில்லை. ஆனால் ஒலியின் நீளத்தையும் நிறுத்தத்தையும் நன்றாகத் தருகிறது. எனவே அக்குழந்தைகள் பேச்சைப் பகுத்தறியத் தாளத்தையும் நிறுத்தத்தையும் அதிகம் நம்ப வேண்டியுள்ளது.

தமிழுக்கு உரிய நுட்பங்கள்

பயிற்சி முறைகள் பெரும்பாலும் ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் உருவானவை. அவற்றை அப்படியே தமிழில் பயன்படுத்தினால் சில இடங்களில் கேடு விளையும்.

முதலாவது, உயிரொலியை நீட்டுவது. குழந்தைக்குப் புரிய வேண்டும் என்று பெரியவர்கள் அசைகளை இழுத்துப் பேசுவது இயல்பு. ஆங்கிலத்தில் அதனால் பெரிய குழப்பம் நேராது. தமிழில் ‘கல்’ என்பதை இழுத்தால் ‘கால்’ ஆகிவிடும். குறில் நெடில் வேறுபாட்டை இனிமேல்தான் கற்க வேண்டிய குழந்தைக்கு அந்த வேறுபாடே மறைந்துபோகும். ஆகவே தமிழில் பேச்சை மெதுவாக்க, அசைகளை அவற்றின் அளவிலேயே ஒலித்து, தொடர்களுக்கு இடையே நிறுத்துவது தக்க வழி.

இரண்டாவது, நிறுத்தும் இடம். தமிழ்த் தொடரில் முற்றுவினை கடைசியில் வரும். அதற்கு முன் எச்சங்கள் அடுக்கி வரும். ‘அம்மா கடைக்குப் போய், பால் வாங்கி, காய்ச்சி, தம்பிக்குக் கொடுத்தாங்க’ என்ற தொடரைக் கேட்பவர், இறுதிச் சொல் வரும்வரை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நினைவாற்றல் குறைந்த நோயாளிக்கு இது பெரும் சுமை. ஒவ்வோர் எச்சத்துக்குப் பின்னும் சிறிது நிறுத்தினால், ஒவ்வொரு செயலும் தனித்தனிக் காட்சியாக மனத்தில் பதியும். மாறாகக் ‘கடை’, ‘கு’, ‘போய்’ என்று உருபையும் பிரித்து நிறுத்தினால் சொல்லே சிதைந்துவிடும்.

மூன்றாவது, ஒற்று மிகுதல். ‘வேலை கொடு’ என்றால் பணி தருமாறு கேட்பது. ‘வேலைக் கொடு’ என்றால் வேல் என்னும் ஆயுதத்தைத் தருமாறு கேட்பது. இடையில் உள்ள ஒற்று இரு சொற்களையும் சேர்த்துக் கட்டுகிறது. அங்கே நிறுத்தினால் ஒற்றும் மறைந்து பொருளும் மாறும். ஒற்று மிகும் இடத்தில் நிறுத்தாமலும் தொடர் முடியும் இடத்தில் நிறுத்தியும் பேசுவது தமிழ் செவிக்கு இயல்பானது.

நான்காவது, பதிலுக்குக் காத்திருத்தல். கேள்வி கேட்டவுடன் பெரியவரே விடையையும் சொல்லிவிட்டால் குழந்தைக்குப் பேச வாய்ப்பில்லை. கேட்டதைப் பகுத்து, விடையைத் தேடி, வாயைத் திறக்க அக்குழந்தைக்குச் சற்று நேரம் வேண்டும். எதிர்பார்ப்போடு முகம் பார்த்துக் காத்திருக்கும் நிறுத்தமும் பயிற்சியின் ஒரு பகுதியே.

தமிழகத்தில் பயிற்சியின் வளர்ச்சி

இந்தியாவில் காது கேளாதோருக்கான பள்ளிகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றின. பம்பாய், கல்கத்தா ஆகியவற்றை அடுத்து, பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் அந்நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய பள்ளியைத் தொடங்கினார். வேம்பாரும் அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான்.

பேச்சையும் செவியையும் ஒருங்கே ஆராயும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனம் மைசூரில் 1965-இல் அமைந்தது. சென்னையில் பால வித்யாலயா என்ற பள்ளி 1969 முதல் காது கேளாத மழலையருக்கு மிக இளம் வயதிலேயே மொழிப் பயிற்சி அளித்து வருகிறது. 1992-இல் இயற்றப்பட்ட இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் பேச்சுப் பயிற்சியாளர்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்தியது. தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி கட்டணமின்றிப் பொருத்தப்படுகிறது. அறுவை முடிந்தபின் தரும் பயிற்சியும் இதில் சேரும்.

கருவி பொருத்தியவுடன் குழந்தைக்கு மொழி வந்துவிடுவதில்லை. அதுவரை அமைதியில் இருந்த செவிக்கு முதலில் எல்லாம் பிரிவற்ற ஓசையாகவே இருக்கும். அந்த ஓசையிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்கும் பயிற்சி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். பயிற்சிக் கூடங்கள் பெரும்பாலும் நகரங்களில் இருப்பதால், கடற்கரை ஊர்களிலிருந்து வாரந்தோறும் சென்று வருவது ஒரு குடும்பத்தின் கூலியையும் நேரத்தையும் பறிக்கிறது. எனவே பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்க வேண்டும். தாலாட்டும், நிலாச்சோறு ஊட்டும் பாட்டும், சாய்ந்தாடலும் கைவீசலும் அசைக்கு அசை அசைவு சேர்ந்தவை. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் நிறுத்தம் உள்ளவை. விலையில்லாத இப்பாடல்களைப் பயிற்சியின் பகுதியாக எந்த வீட்டிலும் பயன்படுத்தலாம்.

காது கேளாதோர் எல்லோருக்கும் வாய்ப்பேச்சே வழி என்பதில்லை. சைகை மொழி தனக்கென இலக்கணம் உள்ள முழுமையான மொழி. அதிலும் கையின் ஓட்டத்தில் தாளமும், தொடர் முடியும் இடத்தில் நிறுத்தமும் உண்டு. கண்ணால் கேட்பவருக்கும் எல்லை தெரிந்தால்தான் பொருள் விளங்கும்.

மதிப்பீடு

முத்துக்குளித்துறையின் இரு நிகழ்ச்சிகளும் பேச்சுப் பயிற்சிக்கு இன்றும் பொருந்தும் இரு எச்சரிக்கைகளைத் தருகின்றன. சவேரியாரின் பிழைத்திருத்தம், தாளத்தோடு திருப்பிச் சொல்வதைப் புரிதல் என்று எண்ணிவிடக் கூடாது என்று காட்டுகிறது. பாட்டை முழுதும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அதன் பொருள் தெரியுமா என்பதைப் பயிற்சியாளர் தனியே சோதித்தறிய வேண்டும். அண்டிரிக் அடிகளாரின் வேம்பார் கடிதம், சொல்லையும் இலக்கணத்தையும் கற்பிப்பது மட்டும் போதாது, அவை கேட்பவரின் செவிக்குப் பழகிய ஓசையில் வர வேண்டும் என்று காட்டுகிறது.

வேம்பார்க் கோயிலில் தமிழைத் தமிழாகவே மறுபடி சொன்ன துபாசியின் பெயர் வரலாற்றில் இல்லை. இலக்கணம் எழுதிய அறிஞரின் தமிழை ஊர் மக்களுக்குப் புரியும் தமிழாக்கியது அவர் குரலே. பக்கவாதம் வந்த தந்தையிடம் தொடரைப் பிரித்து நிறுத்திச் சொல்லும் மகளும், கருவி பொருத்திய குழந்தையிடம் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் தாயும் இன்று செய்வது அதே வேலையைத்தான்.